மேட்டில் கியர் நழுவினால் முதலில் எங்கே பார்ப்பது?

(சைக்கிள் வைத்திருக்கும் தோட்டக் குடும்பங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு எவ்வளவு வேலை கிடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். விறகு இருக்கு, துணி இருக்கு, டவுனுக்குப் போய் சாமான் வாங்கி வரணும். அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரடியாக விசயத்துக்கு வருகிறோம்.

2022ஆம் ஆண்டு பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கும். அந்த நேரத்தில்தான் லயத்துக் கோடியிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. கணக்கப்பிள்ளை ஓட்டிய ரலி, தப்பால்காரத் தாத்தா ஓட்டிய ரலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. இன்னொரு பக்கம், ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே கொண்டுவந்து விற்கப்படும் சைக்கிள்களையும் சிலர் வாங்கினார்கள். இந்த இரண்டு வகையிலும் பல வண்டிகளுக்கு மூன்று கியர் உண்டு. ஆனால் வெளியே அடுக்கடுக்காகப் பல்லுச் சக்கரம் இருக்காது. பின் சில்லின் நடுவில் இருக்கிற தடித்த ஹப்புக்குள்ளேயே கியர் முழுவதும் அடங்கிவிடும். இன்று நாம் பேசப்போவது இந்த ஹப் கியரைப் பற்றித்தான்.

ஏன் இதைப் பேச வேண்டும்? ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறோம். எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில், நடுக் கியரில், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்திருக்கிறது. திடீரென்று பெடலில் பிடிமானமே இல்லை. கால் வெறுமனே சுற்ற, உடம்பு முன்னால் போய் ஹேண்டிலில் மோதி, நாடியில் மூன்று தையல். மறுநாள் அப்பா வண்டியை டவுனுக்குக் கொண்டுபோனார். ஒரு கடையில், "ஹப் செத்துப்போச்சு, சில்லையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகை அவருடைய பல நாள் பேருக்குச் சமம். "பழைய இரும்புக்குக் கொடுத்திடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டுதான் எங்களிடம் வந்தார். அப்படிக் கொடுத்தால் பிள்ளை மறுபடி நடக்க வேண்டும். மாலை வகுப்பு முடிந்து வரும்போது இருட்டிவிடும்.

நாங்கள் ஹப்பைத் தொடவே இல்லை. சைக்கிள் பாரில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும். கியர் கேபிளின் வெளி உறை அதில்தான் வந்து முட்டி நிற்கும். அந்தக் கிளிப் ஸ்குறூ தளர்ந்து, பின்பக்கமாக ஒரு விரல் நக அளவு நகர்ந்திருந்தது. முன்பு இருந்த இடத்தில் பெயின்ற் புதுசு போல மினுங்கியது. பழைய இடத்துக்குத் தள்ளி இறுக்கினோம். அவ்வளவுதான். செலவு ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இந்த ஹப்பை அறிந்த பாஸ்மார் இப்போது குறைவு. அதனால்தான் நாமே கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் ஹப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ரலி வண்டியில் இருப்பது ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற ஹப். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் நகரில் 1902இல் தொடங்கிய வேலை. இதில் ஒரு கதை உண்டு. முதல் மூன்று கியர் ஹப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ரைலி. முன்பு வேறோர் இடத்தில் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் காரணமாக, அவருடைய வடிவமைப்புக்கான உரிமை ஜேம்ஸ் ஆர்ச்சர் பெயரில் பதிவானது. ஹப்பில் இன்றும் ஸ்டர்மி பெயரும் ஆர்ச்சர் பெயரும் இருக்கிறது, ரைலி பெயர் இல்லை. வேலை செய்தவன் பெயர் ஒரு பக்கம், பலகையில் எழுதும் பெயர் இன்னொரு பக்கம் என்பது நமக்குப் புதுசா என்ன!

உங்கள் ஹப்பின் மேலே ஊத்தையைத் துடைத்துப் பார்த்தால் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் பக்கத்தில் இலக்கங்களும் தெரியலாம். 62, 5 என்றிருந்தால் 1962ஆம் ஆண்டு மே மாதம் செய்தது. நொட்டிங்ஹாம் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டோடு மூடப்பட்டு, பெயரையும் இயந்திரங்களையும் தாய்வான் நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. வயதான ஹப் என்று கேவலமாக நினைக்காதீங்க. எண்ணெய் கண்டால் இன்னும் நம் பிள்ளைகளின் பிள்ளைகளையும் சுமக்கும்.

உள்ளே நடுவில் 20 பல்லுள்ள ஒரு சக்கரம், அசையாமல் அச்சோடு நிற்கும். அதைச் சுற்றி 20 பல்லுள்ள நாலு சின்னச் சக்கரங்கள், கம்பத்தைச் சுற்றிக் கும்மியடிக்கிற பிள்ளைகள் மாதிரி ஓடும். அவர்களைச் சுற்றி உட்பக்கம் 60 பல்லுள்ள ஒரு வளையம். நீங்கள் மிதிக்கும் பலம் எதற்குள் போய் எதிலிருந்து வெளியே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் சில்லு மெதுவாகவோ வேகமாகவோ சுற்றுகிறது. இந்த வழியை மாற்றுவது அச்சுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியை இழுப்பது வெளியே தெரிகிற சின்னச் சங்கிலி. அந்தச் சங்கிலியை இழுப்பது கேபிள்.

கியர் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு வழி. வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின் சில்லின் வால்வைக் கவனித்துக்கொண்டு, பின் பல்லுச் சக்கரம் சரியாக ஒரு சுற்று வரும்படி பெடலைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். 1ஆம் கியரில் சில்லு முக்கால் சுற்று வரவேண்டும். 2இல் சரியாக ஒரு சுற்று. 3இல் ஒரு சுற்றும், மேலே மூன்றில் ஒரு பங்கும். லீவர் 1இல் இருக்க, சில்லு முழுச் சுற்று வந்தால், லீவர் சொல்வது ஒன்று, ஹப் செய்வது ஒன்று. இதைச் சின்னப் பிள்ளையும் செய்து பார்க்கலாம்.

இப்போது முக்கியமான இடம். பழைய ஸ்டர்மி ஹப்பில் கேபிள் ஆக இறுக்கமாக இருப்பது 1இல், தொய்வாக இருப்பது 3இல். எனவே கேபிள் அறுந்துபோனால் வண்டி தானாக 3க்குப் போய்விடும். மேட்டில் அறுந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஆனால் அதைவிட மோசமானது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தில் எந்தக் கியரும் பிடிக்காது. பெடல் வெறுமனே சுற்றும். கேபிள் கொஞ்சம் தொய்ந்தால், லீவரை 2இல் வைத்திருந்தாலும் உள்ளே கம்பி இந்த ஓட்டை இடத்துக்கு வந்துவிடும். முதலில் பிடிப்பது போல இருக்கும். பலமாக மிதிக்கும்போது நழுவும். அந்தப் பிள்ளை விழுந்தது இதனால்தான். ஆகவே கியர் ஒரு முறை நழுவினாலும் சரிபார்க்கும் வரை எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்க.

சரிபார்ப்பது எப்படி? பின் சில்லின் வலது பக்க நட்டைப் பாருங்கள். அது சாதாரண நட் இல்லை, நீளமாக, பக்கத்தில் ஒரு ஓட்டையோடு இருக்கும். சின்னச் சங்கிலி அதற்குள்தான் போகிறது. லீவரை 2இல் வைத்து, பெடலைக் கொஞ்சம் முன்பின் ஆட்டிவிட்டு, அந்த ஓட்டை வழியே பாருங்கள். சங்கிலி சேர்ந்திருக்கும் கம்பியின் முனை, அச்சின் முனையோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கேபிள் இறுக்கம் அதிகம். உள்ளே போயிருந்தால் தொய்வு. சங்கிலியின் மறுமுனையில் விரலால் திருப்பக்கூடிய அட்ஜஸ்டர் இருக்கிறது. சின்ன லொக் நட்டைத் தளர்த்தி, அதைத் திருப்பி மட்டத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி லொக் நட்டை இறுக்கிவிடுங்கள். பிறகு 1க்கும் 3க்கும் போட்டு, முன்பு சொன்ன சுற்றுக் கணக்கைப் பாருங்கள். கண் மங்கிய பெரியவங்க பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க, டோர்ச் இருந்தால் நல்லது.

அட்ஜஸ்டரைத் திருப்பியும் இரண்டு நாளில் மறுபடி தொய்ந்துவிடுகிறது என்றால், வேறெங்கோ நழுவுகிறது என்று அர்த்தம். கேபிளை லீவரிலிருந்து ஹப் வரைக்கும் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். பாரில் உள்ள கிளிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டோம். சீட்டுக்கு அடியில் கேபிள் ஓடும் சின்னக் கப்பி சுற்றுகிறதா, மண் அடைத்து நிற்கிறதா? நம்ம பக்கத்து மழைக்கும் பனிக்கும் வெளி உறைக்குள் தண்ணீர் போய் கேபிள் துருப்பிடிக்கும். அப்போது லீவர் நகரும், ஆனால் கம்பி பிந்தித்தான் வரும், அல்லது திரும்பிப் போகாது. கேபிளின் ஒரு இழை அறுந்து முள்ளாக நின்றாலும் இதே கதைதான். அப்படிப்பட்ட கேபிளை எண்ணெய் போட்டுக் காப்பாற்றப் பார்க்காமல் மாற்றிவிடுங்க.

பங்சர் ஒட்டச் சில்லைக் கழற்றி மாட்டிய பிறகு வருகிற கோளாறு இன்னொரு வகை. ஓட்டையுள்ள நட் தொலைந்துவிட்டால் கடையில் சாதாரண நட் ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். சங்கிலி அதன் விளிம்பில் உரசி மடிந்து, கொஞ்ச நாளில் அறுந்துவிடும். அச்சுத் தலையில் நாக்குள்ள வாஸர்கள் உண்டு. அவைதான் அச்சு சுற்றாமல் பிடித்துக்கொள்கின்றன. "இது எதுக்கு?" என்று அதை எறிந்துவிட்டால் மிதிக்கிற பலத்தில் அச்சே திரும்பும். சங்கிலியை அச்சுக்குள் மாட்டும்போது விரலால் முடியும் வரை திருகி, பிறகு கேபிள் வரும் திசைக்கு நேராக நிற்கும்படி அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் பின்னால் எடுங்கள். சில்லைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தியிருந்தால் கேபிள் அளவும் மாறியிருக்கும். ஆகையால் பங்சர் ஒட்டிய ஒவ்வொரு முறையும் 2இல் வைத்து ஓட்டை வழியே ஒரு பார்வை.

இனி எண்ணெய். இங்கே எங்கள் பிழை ஒன்றையும் ஒத்துக்கொள்கிறோம். பல வருடங்களுக்கு முன்பு, வாங்கிய கையோடு ஒரு பழைய ரலியைச் சுத்தம் பண்ணினோம். மெஷின் ஒயில் கைவசம் இல்லை. வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை ஹப்பின் மூடியைத் திறந்து தாராளமாக ஊற்றினோம். அன்று பகல் வண்டி பட்டுப் போல ஓடியது. மறுநாள் விடியற்காலை பெரட்டு நேரத்தில் எடுத்தால், பெடல் முன்னும் பின்னும் சுற்றுகிறது, சில்லு அசையவில்லை! 1, 2, 3 எதுவும் பிடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு போனோம். மத்தியானம் வெயில் ஏறியதும் தானாகச் சரியானது. அடுத்த நாள் காலை மறுபடி அதே கூத்து. பேய் பிடித்த வண்டி என்று ஒருவர் சொன்னார்.

பேயும் இல்லை பிசாசும் இல்லை. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் குளிர் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும் அல்லவா? ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் அது உறையும். ஹப்புக்குள்ளே சின்ன நாக்கு மாதிரி துண்டுகள் இருக்கின்றன. முடி போன்ற ஸ்பிரிங் ஒன்று அவற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அவை வெளியே வந்து பல்லில் மாட்டினால்தான் சில்லு சுற்றும். எண்ணெய் உறைந்து பிடித்துக்கொண்டால் நாக்கு எழும்பாது. பழைய எண்ணெய் காய்ந்து பிசின் போல ஆனாலும், கட்டியான கிறீஸை அந்த இடத்தில் அப்பினாலும் இதே நிலைதான். வருடக்கணக்கில் கிடந்த வண்டி முதல் நாள் பிடிக்காமல் போவது பெரும்பாலும் இதனால்.

இதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கியர் மட்டும் நழுவினால் வெளியே, கேபிள் பக்கம் தேடுங்கள். மூன்றும் ஒன்றாகப் பிடிக்காமல் போனால் உள்ளே, எண்ணெய்ப் பக்கம். எப்போதும் இப்படியே என்று சத்தியம் பண்ண மாட்டோம், ஆனால் பெரும்பாலும் பொய்க்காது.

நாங்கள் செய்த வைத்தியம் இதுதான். எண்ணெய் மூடி வழியே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சில்லைச் சுற்றி, பக்கவாட்டில் சாய்த்து வடியவிட்டோம். மூன்று முறை செய்த பிறகு வந்தது தெளிவாக இருந்தது. அதன் பிறகு மெல்லிய மெஷின் ஒயில் ஒரு தேக்கரண்டி. பின்னர் மாதம் ஒரு முறை சில துளி போதும். அடுப்புப் பக்கத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீங்க. அளவுக்கு மேல் ஊற்றினால் எண்ணெய் கம்பிகள் வழியே ரிம்முக்கு வரும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் கியர் நழுவியதே பரவாயில்லை என்றாகிவிடும்.

ஜப்பான் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பொறுமையாக இருந்தீர்கள், நன்றி. உங்கள் வண்டியில் ஷிமானோ ஹப் என்றால், வலது பக்க அச்சு முனையில் சங்கிலிக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலும் ஒரு ஜன்னல் உண்டு. லீவரை 2இல் வைத்தால், ஜன்னலில் தெரியும் அடையாளக் கோடு இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். இந்த வகையில் கேபிள் கம்பியை இழுப்பதில்லை, பெட்டி கம்பியை உள்ளே தள்ளுகிறது. பங்சர் ஒட்டப் பெட்டியைக் கழற்றும்போது ஆணி போன்ற அந்த மெல்லிய கம்பி புல்லுக்குள் விழுந்து தொலைந்தால், எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணினாலும் கியர் மாறாது. எண்ணெய் விடும் மூடி இல்லாத ஹப்புக்குள் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றப் பார்க்க வேண்டாம். உள்ளே கிறீஸ் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

எந்த ஹப்பாக இருந்தாலும் கியரை மாற்றும்போது மிதிப்பதை ஒரு நொடி நிறுத்துங்கள். மேடு தொடங்கும் முன்பே 1க்குப் போடுங்கள். மேட்டின் நடுவில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே லீவரை இழுத்தால் உள்ளே முனைகள் தேயும். அப்படித் தேய்ந்துபோன ஹப் உண்மையிலேயே உண்டு. கம்பி மட்டமாக நிற்கிறது, கேபிள் புதுசு, எண்ணெய் இருக்கிறது, இருந்தும் 3இல் பலமாக மிதிக்கும்போது நழுவுகிறது என்றால், அது உள்ளே போன கேஸ். அப்போது பாஸிடம்தான் போக வேண்டும். போகும்போது, "2இல் வைத்து மட்டம் பார்த்தாச்சு, கேபிள் மாத்தியாச்சு, அப்பவும் 3 மட்டும் நழுவுது" என்று சொல்லுங்க. அப்படிப் பேசுகிறவரிடம் சில்லையே மாற்று என்று சொல்ல ஒருவர் கொஞ்சம் யோசிப்பார். வலது பக்கக் கோனை ஆட்டத்துக்காகத் திருக வேண்டாம் என்றும் சொல்லுங்க. சில்லு ஆடினால் இடது பக்கத்தில்தான் சரிசெய்ய வேண்டும். ஏ.டபிள்யூ. ஹப் பல பத்து வருடம் பெரிய மாற்றமில்லாமல் வந்ததால், ஒரு பழைய ஹப்பின் உள் சாமான் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். உடைந்த ரலி எங்காவது கிடந்தால், இரும்புக்காரனுக்குக் கொடுக்கும் முன் பின் சில்லின் ஹப்பை மட்டும் எடுத்து வையுங்க.

பின்னால் இருக்கும் அம்மா கேட்கிறாங்க: "சும்மா ஓடும்போதே டிக் டிக்குன்னு சத்தம் வருதே, அது உடையப் போற சத்தமா?" இல்லீங்க அம்மா. ஸ்டர்மி ஹப் 2இலும் 3இலும் மிதிக்கும்போது டிக் டிக் என்றுதான் பேசும். 1இல் மிதிக்கும்போது மட்டும் பேசாது. அந்த நாக்குகள் பல்லைத் தாண்டிப் போகிற சத்தம் அது. அது கேட்டால் நாக்கு உயிரோடு இருக்குன்னு அர்த்தம். நேற்று வரை கேட்ட சத்தம் 2இல் திடீரென்று நின்றுபோனால்தான் கவனிக்கணும்.

சரி, பேச்சு போதும். அந்தப் பச்சை ரலியை யார் கொண்டுவந்தது? தம்பி, இங்கே வாங்க. தலைகீழாக நிறுத்துங்க, சீட்டுக்கு அடியில் சாக்கு ஒன்று போடுங்க. லீவர் 2. தங்கச்சி, நீங்க டோர்ச்சைப் பிடித்து அந்த ஓட்டைக்குள்ளே பாருங்க. கம்பி எங்கே நிற்குது, உள்ளேயா, மட்டமா?